கிண்டியில் 30 நாள், கோவையில் 8 வருடம்: ப்ராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வரில் எப்படி அமைப்பது?

கிண்டிவாசி:
தலைமை ஆபீஸ் கிண்டி, கிளை கோவை. இரண்டு இடத்திலும் ப்ராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வர் (பேக்கப் எடுத்து வைக்கும் சாஃப்ட்வேர்) இருக்கிறது. ராத்திரி கிண்டியில் எல்லா விஎம்களும் (விர்ச்சுவல் மெஷின்களும்) பேக்கப் ஆகி, விடியற்காலையில் சிங்க் ஜாப் (ஒரு சர்வரில் இருப்பதை இன்னொன்றுக்கு நகலெடுக்கும் வேலை) வழியாகக் கோவைக்குப் போகும். கிண்டியில் இடம் குறைவு, 30 நாளுக்கு மேல் வைக்க முடியாது. ஆடிட்டரோ கணக்கு டேட்டா 8 வருடம் வேண்டும் என்கிறார். சிங்க் ஜாபில் 'ரிமூவ் வானிஷ்ட்' என்று ஒரு டிக் இருக்கிறதே, அதைப் போட்டால் கிண்டியில் ப்ரூன் ஆனது (பழையது என்று கழித்தது) கோவையிலும் போய்விடும்தானே? போடாமல் கோவையில் தனியாக ப்ரூன் செய்தால், அழித்ததெல்லாம் அடுத்த சிங்க்கில் திரும்ப வந்து உட்காராதா? நேற்று கோவையில் கொஞ்சம் கையால் ப்ரூன் செய்து பார்த்தேன், டிஸ்க்கில் ஒரு ஜிபி கூடக் குறையவில்லை, அது ஏன் என்றும் புரியவில்லை.

பழையடேப்:
முதலில் அந்த டிக்கை எடுங்கள். அது இருந்தால் கிண்டியில் எவனாவது புகுந்து பேக்கப்பை அழிக்கும்போது மறுநாள் காலையில் கோவையும் சமர்த்தாக அதையே அழித்துவிடும், அப்புறம் இரண்டு ஊரில் வைத்து என்ன பயன்?

ப்ரூன் செய்தது திரும்ப வராது. ஒவ்வொரு குரூப்பிலும் (ஒரு விஎம்மின் பேக்கப்கள் எல்லாம் ஒரு குரூப்) கோவையில் இருக்கும் கடைசி ஸ்னாப்ஷாட்டுக்கு, அதாவது கடைசியாக எடுத்த பேக்கப்புக்குப் பிந்தையதைத்தான் சிங்க் எடுக்கும், மற்றதை 'ஓல்டர் தன் த நியூவஸ்ட் லோக்கல் ஸ்னாப்ஷாட்' என்று லாகில் எழுதிவிட்டுத் தாண்டிப் போய்விடும். கிண்டியில் யாராவது இடம் போதவில்லை என்று 30 நாளை 3 ஆக்கி, அதே சமயம் லைனும் ஒரு வாரம் படுத்துவிட்டால், நடுவில் உள்ள நாள்கள் கோவைக்கு வராமலே போய்விடும். அதனால் கிண்டியில் கொஞ்சம் தாராளமாகவே வையுங்கள்.

டிஸ்க் குறையாததற்குக் காரணம், ப்ரூன் ஸ்னாப்ஷாட்டின் அட்டவணையை மட்டும்தான் எடுக்கும். உள்ளே இருக்கும் டேட்டா துண்டுகளை நீக்குவது கார்பேஜ் கலெக்ஷன், அதுவும் கடந்த 24 மணி 5 நிமிடத்துக்குள் தொட்ட துண்டை விட்டுவிடும். ப்ரூன் செய்து ஒரு நாள் கழித்து ஓட்டிப் பாருங்கள். இரண்டு சர்வரிலும் அதற்குத் தனித்தனி ஷெட்யூல் வேண்டும்.

மலைக்கோட்டை:
யார் யாரிடம் போய் எடுக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். கோவைதான் கிண்டியிலிருந்து இழுக்க வேண்டும், அதுவும் கிண்டியில் 'டேட்டாஸ்டோர் ரீடர்' (படிக்க மட்டும்) உரிமை உள்ள டோக்கன், அதாவது பாஸ்வேர்டு மாதிரியான ஒரு சாவி வைத்து. கோவையின் பாஸ்வேர்டு எதுவும் கிண்டியில் எங்கேயும் இருக்கக் கூடாது. 3.3 பதிப்பிலிருந்து கிண்டியே தள்ளிவிடும் வசதியும் வந்துவிட்டது, கிண்டி மாதிரியான மூல சர்வருக்குள் வெளியிலிருந்து யாரும் வர முடியாத ஃபயர்வால் சிக்கல் உள்ள இடங்களுக்கு அது சரி, உங்களுக்குத் தேவை இல்லை. கிண்டிக்கும் கோவைக்கும் நடுவே உள்ள தூரம் போதும். 2021 மார்ச் 10-ல் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூரில் ஓவிஎச் என்ற ஹோஸ்டிங் கம்பெனியின் டேட்டா சென்டர் எரிந்தபோது, அதே வளாகத்தில் பேக்கப் வைத்திருந்தவர்கள் இரண்டையும் சேர்த்தே இழந்தார்கள்.

பேரேடு:
கணக்குப் பக்கம் இருப்பவன் என்பதால் சொல்கிறேன். கம்பெனிச் சட்டம் 128-ம் பிரிவின்படி கணக்குப் புத்தகங்களை 8 நிதியாண்டு வைத்திருக்க வேண்டும், உங்கள் ஆடிட்டர் சொல்வது அதைத்தான். ஜிஎஸ்டிக்கு ஆண்டு ரிட்டர்ன் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம். மின்னணுக் கணக்கின் பேக்கப் இந்தியாவில் உள்ள சர்வரில் தினமும் எடுத்திருக்க வேண்டும் என்று 2022-ல் விதியையும் திருத்திவிட்டார்கள். இதெல்லாம் கணக்குக்குத்தான். ஃபைல் சர்வரில் கிடக்கும் ஆயுதபூஜை வீடியோவை எல்லாம் 8 வருடம் தூக்கிச் சுமக்க வேண்டாம். கணக்கு விஎம்மைத் தனி நேம்ஸ்பேஸில் (பேக்கப் இடத்துக்குள் ஒரு உள் அறை மாதிரி) போட்டு அதற்குத் தனி ப்ரூன் ஜாப் வையுங்கள், மேலே உள்ள பொது ப்ரூன் ஜாபில் ஆழத்தை (உள் நேம்ஸ்பேஸ்களில் எத்தனை அடுக்கு இறங்கலாம் என்பதை) 0 ஆக்க மறந்தால் அது உள்ளே இறங்கி இதையும் வெட்டிவிடும்.

அப்புறம், 'கீப் இயர்லி' 8 என்று போட்டுவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். அது காலண்டர் வருடத்தின் கடைசி ஸ்னாப்ஷாட்டை வைக்கும், அதாவது டிசம்பர் 31. நமக்கு வேண்டியது நிதியாண்டு முடியும் மார்ச் 31. 'கீப் மந்த்லி' 108 போடுங்கள் (8 வருடமும் நடப்பு வருடமும் சேர்த்து 9 வருட மாதங்கள்), ஒரே துண்டு இரண்டு முறை சேமிக்கப்படாது என்பதால் நினைக்கிற அளவுக்கு இடம் பிடிக்காது. மார்ச் 31 ஸ்னாப்ஷாட்டை ப்ரூன் தொடாமல் இருக்க 'ப்ரொடெக்டட்' குறியும் போடலாம், ஆனால் அந்தக் குறி சிங்க்கில் வராது, கோவையில் போய்க் கையால் போட வேண்டும்.

கிண்டிவாசி:
மார்ச் 31 விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, நன்றி சார். அடுத்து மதுரையிலும் ஒரு பெட்டி வைக்கப் போகிறோம். அது எங்கிருந்து இழுக்கட்டும், கிண்டியா கோவையா? டேட்டா 6 டிபி, லைன் 100 எம்பிபிஎஸ்.

பழையடேப்:
அந்த லைன் முழுசாகக் கிடைத்தாலே ஐந்தரை நாள் ஆகும். மதுரைப் பெட்டியைக் கோவைக்கு எடுத்துப் போய் லோக்கல் நெட்வொர்க்கில் முதல் சிங்க்கை முடித்து, பிறகு மதுரையில் இறக்குங்கள். அதற்குப் பின் தினசரி சிங்க் நேராகக் கிண்டியிலிருந்து இருக்கட்டும், கோவை நின்றாலும் மதுரை ஓடும். வரிசை முக்கியம். முதலில் கிண்டியிலிருந்து இழுத்துவிட்டால், கோவையில் உள்ள பழைய மாதங்களை எல்லாம் 'ஓல்டர்' என்று தாண்டிவிடும், அவை மதுரைக்கு வரவே வராது. இரண்டு ஜாபுக்கும் ஓனர் ஒரே பெயரில் இருக்கட்டும், இல்லாவிட்டால் ஓனர் பொருந்தவில்லை என்று இரண்டாவது ஜாப் அடம்பிடிக்கும்.