கல்வெட்டு வாசிக்கக் கற்க: குறுகிய காலப் பயிற்சியா, பொதுச் சொற்பொழிவா?

கேள்வி (தஞ்சாவூர்):
அனைவருக்கும் வணக்கம். சென்ற ஆண்டு வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றேன். பெரிய கோயிலுக்கு நடந்து போகும் தொலைவில் வீடு இருந்தும், அதன் அதிட்டானத்தை (அடித்தளத்தை) சுற்றி வரிவரியாக வெட்டப்பட்டிருக்கும் எழுத்துகளில் ஒரு வரியைக்கூட வாசித்ததில்லை என்ற உறுத்தல் நெடுநாளாக உண்டு. அதனால் ஓர் அமைப்பு நடத்திய இரண்டு நாள் பயிலரங்கில் சேர்ந்தேன். உரைகள் நன்றாகவே இருந்தன. ஆனால் எழுத்துப் பயிற்சிக்குக் கிடைத்தது இரண்டாம் நாள் பிற்பகலில் ஒரு மணி நேரம்தான். சான்றிதழோடு வீடு திரும்பி, மறுநாள் கோயிலில் போய் நின்றால், தொடக்கத்திலுள்ள 'ஸ்வஸ்திஸ்ரீ' தவிர எதுவும் பிடிபடவில்லை. மீண்டும் பணம் கட்டி வேறொரு பயிற்சியில் சேரலாமா, அல்லது சொற்பொழிவுகளைக் கேட்டு வந்தாலே போதுமா? இந்த வயதில் எழுத்து மனத்தில் நிற்குமா என்ற தயக்கமும் இருக்கிறது.

பதில் 1 (காஞ்சிபுரம்):
ஐயா, தயக்கமே வேண்டாம். பிடிபடாததற்கு வயது காரணமன்று. சோழர் காலக் கல்வெட்டுகளில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இருக்காது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே வடிவம். பல இடங்களில் துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோலவே தோன்றும். உத்திரமேரூர்க் கல்வெட்டில் வரும் 'ஏரி வாரியம்' என்பதை எழுத்தெழுத்தாகக் கூட்டத் தொடங்கிய நாளில் நான் 'எரி வரரியம' என்று வாசித்துவிட்டுத் திகைத்து நின்றேன். ஏரியைப் பேண ஊர்ச்சபை அமைத்த குழு அது என்று ஆசிரியர் சொன்ன பிறகுதான் எழுத்துகள் தத்தம் இடத்தில் உட்கார்ந்தன.

ஆகவே பயிற்சியில் சேருங்கள். ஆனால் சேருமுன் இரண்டு கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். மொத்த நேரத்தில் எத்தனை மணி நேரம் கல்லின் முன்னாலோ மைப்படியின் (கல்லெழுத்தை மையிட்டுத் தாளில் ஒற்றியெடுத்த படியின்) முன்னாலோ கழியும்? நாம் எழுதிக் கொடுக்கும் படியை யாராவது திருத்தித் தருவார்களா? வாரம் ஒரு வகுப்பாகச் சில மாதங்கள் நீளும் பயிற்சியே நம்மைப் போன்றோருக்கு ஏற்றது, ஏனெனில் இடைப்பட்ட நாள்களில் கை எழுதிப் பழகுகிறது.

பதில் 2 (சென்னை, வரலாற்று ஆசிரியை):
மேலே சொன்னதை முழுவதும் ஏற்கிறேன். ஆயினும் சொற்பொழிவை விட்டுவிடாதீர்கள், ஐயா. வேலி, மா, காணி என்ற நில அளவுகளும், தேவதானம் (கோயிலுக்கு அளித்த நிலம்), பிரமதேயம் (பிராமணர்க்கு அளித்த நிலம்), இறையிலி (வரி நீக்கிய நிலம்) போன்ற சொற்களும் காதில் விழுந்து பழகியிருந்தால், சிதைந்த எழுத்தையும் ஊகித்து நிரப்ப முடிகிறது. தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் தமிழ்ப் பாரம்பரிய அறக்கட்டளையும் நடத்திய உரைகள் பல யூடியூபில் இருப்பதால், தஞ்சையிலிருந்தே கேட்கலாம்.

உங்களுக்கு வாய்த்திருப்பதோ எங்களுக்குக் கிடைக்காத பேறு. தாம் கொடுத்தவற்றையும் தம் அக்கன் (தமக்கை) கொடுத்தவற்றையும் பிறர் கொடுத்தவற்றையும் கல்லிலே வெட்டச் சொன்ன இராசராசனின் ஆணை அந்தக் கோயிலிலேயே இருக்கிறது. அக்கோயிலின் கல்வெட்டுகள் 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' இரண்டாம் தொகுதியில் அச்சாகியுள்ளன. நாளுக்கு இரண்டு வரியைக் கல்லில் பார்த்து எழுதி, வீட்டுக்கு வந்து அச்சுப் பாடத்தோடு ஒப்பிடுங்கள். வகுப்பு இல்லாத நாளில் அந்தத் தொகுதியே உங்கள் ஆசிரியர்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. அந்த இரண்டு கேள்விகளையும் கேட்ட பிறகே அடுத்த பயிற்சிக்குப் பணம் கட்டுவேன். நாளைக் காலையிலேயே முதல் இரண்டு வரியைத் தொடங்குகிறேன். எழுத்து தெளிவாகத் தெரிய மாவு பூசலாம் என்று ஒருவர் சொன்னார், செய்யலாமா?

பதில் 1 (காஞ்சிபுரம்):
மாவு, சுண்ணக்கட்டி, எண்ணெய் எதுவும் கல்லில் படவே கூடாது, ஐயா. மைப்படி எடுப்பதற்கும் தொல்லியல் துறையின் அனுமதி வேண்டும். காலை வெயில் சுவரில் சாய்வாக விழும் நேரத்தில் செல்லுங்கள்; ஒவ்வொரு வெட்டிலும் நிழல் தங்கி, எழுத்து தானாக எழும்பித் தெரியும். வெயில் எட்டாத பக்கத்தில் ஒரு கைவிளக்கைச் சுவரையொட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் போதும்.