புதுப்பிப்பு: 1,80,000 மைல் ஓடிய 2008 சுபாரு அவுட்பேக்

வெர்மான்ட்டில் விற்பனைக்கு வந்த இந்த 2.5 லிட்டர் ஆட்டோமேட்டிக் தேறுமா என்று முன்பு கேட்டிருந்தேன். லிஃப்டில் ஏற்றிப் பார்த்தாயிற்று.

ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவிலுள்ள அடைப்புத் தகடு) ஓரத்தில் எண்ணெய் ஈரம் மட்டும், கூலன்ட் கசிவில்லை. மாற்றினால் பல அடுக்கு ஸ்டீல் கேஸ்கெட்தான் போட வேண்டும். வால்வுகளைப் பிஸ்டன்களோடு ஒத்திசைத்து இயக்கும் டைமிங் பெல்ட்டை மாற்றும் கெடு 1,05,000 மைல். ரசீது இல்லாததால் மாற்றவில்லை என்றே கணக்கு. அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும். வாட்டர் பம்ப், பெல்ட்டை இறுக்கும் டென்ஷனர், அது ஓடும் ஐட்லர் உருளைகளையும் கூடவே மாற்றுவதே லாபம்.

பெரிய சந்தேகம் வேறு. ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக வட்டமடித்தால் பிரேக் போட்டதுபோல் இழுத்துப் பிடிக்கிறது. டயர்கள் இரண்டு புதுசு, இரண்டு தேய்ந்தவை. நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டி என்பதால் நான்கின் சுற்றளவும் கால் அங்குலத்துக்குள் ஒத்திருக்க வேண்டும். பின்சக்கர இழுப்பை நிறுத்தி முன்சக்கரங்களை மட்டும் இயக்க வைக்கும் எஃப்டபிள்யூடி ஃபியூஸைச் செருகிய பிறகும் பிடித்தால், பின்சக்கரங்களுக்குச் சக்தியை அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கிளட்ச் அல்லது அதைக் கட்டுப்படுத்தும் மின் வால்வான சோலனாய்டு போயிருக்கும். அந்தச் செலவை விலையில் கழிக்காவிட்டால் பேச்சே வேண்டாம்.