அப்பாவின் ஜனதா வாட்ச்: டயலுக்குப் புதுப் பெயிண்ட் அடிக்கலாமா, வேண்டாமா?

தேனி செல்வா

அப்பா கட்டியிருந்த எச்.எம்.டி. ஜனதா இப்போது என்னிடம் இருக்கிறது. சாவி கொடுத்தால் ஓடுகிறது, ஆனால் ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம் பிந்துகிறது. கிளாஸ் முழுக்கக் கீறல். டயலில் ஆறு மணிப் பக்கம் பழுப்புப் புள்ளிகள் விழுந்திருக்கின்றன. எழுத்தெல்லாம் இன்னும் படிக்க முடிகிறது.

எங்கள் ஊர் வாட்ச் ரிப்பேர் கடைக்காரர், "சர்வீஸ் பண்ணி, கிளாஸ் மாத்தி, டயலுக்கும் பெயிண்ட் அடிச்சு 1,200 ரூபாய்க்குப் புதுசாட்டம் ஆக்கித் தர்றேன்" என்கிறார். அண்ணன் செய்துவிடலாம் என்கிறான். எனக்கு டயலில் கை வைக்க மனசு வரவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இன்னொன்று. ஆரஞ்சு, மயில்நீலம், ரோஸ் எனப் பல நிறங்களில் எச்.எம்.டி.யின் "விண்டேஜ் பைலட்" வாட்ச் என்று ஆன்லைனில் 1,500 ரூபாய்க்கு வருகிறதே, அதை வாங்கலாமா?

பழைய முள்

டயலைத் தொடவே விடாதீர்கள் செல்வா. சர்வீஸ் செய்யுங்கள், கிளாஸ் மாற்றுங்கள், அதோடு நிறுத்துங்கள்.

பெயிண்ட் அடிப்பது என்றால் இருப்பதன் மேல் ஒரு பூச்சு கொடுப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. டயலைக் கழற்றி, பழைய பூச்சையும் எழுத்தையும் பித்தளை தெரியும்வரை உரித்துவிட்டு, ஸ்ப்ரே அடித்து, எழுத்தைப் புதிதாக ஒற்றி எடுப்பார்கள். தொழிற்சாலையில் அந்தத் தகட்டுக்குக் கொடுத்த மெருகு அந்த இடத்திலேயே போய்விடும். நிமிஷக் கோடுகள் தடித்துவிடும், எழுத்தின் ஓரம் கசியும். பிறகு மனம் மாறினாலும் திரும்ப வழி இல்லை.

1961-ல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து பெங்களூரில் எச்.எம்.டி. வாட்ச் செய்ய ஆரம்பித்தது. எச்.எம்.டி. வாட்சஸ் நிறுவனத்தை மூட 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அந்தப் பெயரில் இன்றும் வாட்ச் விற்பனைக்குக் கிடைக்கிறது. ஆனால் உங்கள் அப்பா கடையில் நின்று தேர்ந்தெடுத்த அந்த டயலை இனி யாரும் அச்சிடப் போவதில்லை. நம் கோயில்களில் சுத்தம் செய்கிறோம் என்று மணலைப் பீய்ச்சியடித்துக் கல்வெட்டுகளை மழுங்கடித்தார்களே, அதே காரியம்தான் இது.

பைலட் கேள்விக்கு வருகிறேன். பைலட் என்றால் கறுப்பு டயல், வெள்ளை எண்கள், அதுதான் பேர்போனது. கண்ணைப் பறிக்கும் நிறங்களில் 1,500 ரூபாய்க்கு வருபவை பெரும்பாலும் பழைய மெஷினின் மேல் புதுப் பெயிண்ட் அடித்தவை. முள் ஒரு வாட்சிலிருந்து, கேஸ் என்ற வெளிக்கூடு இன்னொன்றிலிருந்து வந்திருக்கும். ஒதுங்கிப் போங்கள்.

மெக்கானிக் மகன், மதுரை

பழைய முள் அண்ணே, பித்தளை தெரியிற வரைக்கும் உரிக்கிறது நிசம்தான். எங்கப்பா கடையில நானே செஞ்சிருக்கேன். ஆனா கோயில் உதாரணம் சொன்னீங்க பாருங்க, அதே கோயிலுக்குத்தான் பன்னெண்டு வருசத்துக்கு ஒருக்கா கும்பாபிஷேகம்னு கோபுரத்துக்கு வர்ணம் அடிக்கிறோம். கோபுரம் அழிஞ்சு போச்சுன்னா சொல்றோம்? கல்வெட்டு வேற, கோபுரம் வேற. ஜனதா எந்தப் பக்கம்ங்கிறதுதான் கேள்வி.

ஜனதா வாத்தியாரும் கண்டக்டரும் கட்டுன வாட்ச். முதல் மாசச் சம்பளத்துல வாங்குவாங்க, கல்யாணத்துக்கு மாமனார் வீட்டுல போடுவாங்க. வேர்வையில டயல் கறுத்துப் போனா கடைக்குக் கொண்டாந்து, "தம்பி, இதைக் கொஞ்சம் பாத்துக் குடு"ன்னு நிப்பாங்க. வெளிநாட்டு வாட்ச் இறக்குமதிக்குக் கெடுபிடி இருந்த காலம் அது. ஃபேவர் லூபா சீ சீஃப் வச்சிருந்தவருக்குப் புது டயல் எங்க கிடைக்கும்? பெயிண்ட் அடிச்சுத்தான் இன்னொரு இருபது வருசம் கையில ஓடுச்சு. அதை ஏமாத்து வேலைன்னு சொன்னா அந்த மெக்கானிக்கோட கைத்திறமைக்கு மரியாதை இல்லாமப் போயிரும். நம்ம நாட்டுல வாட்ச் பிழைச்சு வந்த கதையில பெயிண்ட்டும் ஒரு பகுதிண்ணே.

செல்வா, முதல்ல மெஷினப் பாருங்க. பத்து நிமிசம் பிந்துதுன்னா எண்ணெய் காஞ்சு இறுகியிருக்கு, முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளக்கிற பேலன்ஸ் வீல் முழுசா வீச மாட்டேங்குது. அதுவே பத்து நிமிசம் முந்துனா காந்தம் ஏறியிருக்கும். அந்த வீலோட இருக்கிற மெல்லிசான ஹேர் ஸ்பிரிங் சுருள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு வேகமா அடிக்கும். ஸ்பீக்கர், போன் கவர் காந்தம் பக்கத்துல வச்சாலே அப்படி ஆகும்.

கோவை வித்யா

நான் ஒரு பழைய ஃபேவர் லூபா வாங்கினேன். விளம்பரத்தில் "எல்லாமே அசல்" என்று போட்டிருந்தார்கள். டயல் பளபளவென்று இருந்தது. சர்வீஸுக்குக் கொடுத்தபோது பின்மூடியைத் திறந்தவர், உள்ளே இருப்பது வேறு கம்பெனி மெஷின் என்றார். டயலின் பின்னால் இருக்கும் சிறு கால்கள் அந்த மெஷினின் துளைகளில் பொருந்தாததால் அவற்றை வெட்டிவிட்டுப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். விற்றவர் அதன் பிறகு பதிலே போடவில்லை.

மெக்கானிக் மகன் சார், உங்கள் அப்பா கடையில் வாட்சைக் கொடுத்தவருக்குப் பெயிண்ட் அடித்தது தெரியும். அவரே கேட்டுச் செய்தது. இப்போது விற்பவர்கள் அதைச் சொல்வதில்லை. "பெயிண்ட் அடித்தது, 800 ரூபாய்" என்று போட்டிருந்தால் நானே சந்தோஷமாக வாங்கியிருப்பேன். எனக்குப் பழைய வாட்ச் பிடிப்பதே அளவுக்காகத்தான். 34, 35 மில்லிமீட்டர் வாட்ச் என் மணிக்கட்டில் அழகாக உட்காரும். இன்றைக்குக் கடைகளில் பெண்களுக்கு என்று கல் பதித்த வளையல் மாதிரி எதையோ காட்டுகிறார்கள். ஆண்களுக்கானது கை முழுக்க அடைத்துக்கொள்கிறது.

குவார்ட்ஸ் கணேசன்

அடிப்படைக் கேள்வியை யாரும் கேட்கவில்லையே. பத்து நிமிஷம் பிந்தும் கருவிக்கு 1,200 ரூபாய் செலவழிக்கத்தான் வேண்டுமா? அப்பாவின் நினைவு என்றால் பெட்டியில் பத்திரமாக வையுங்கள், அதை நான் மதிக்கிறேன். நேரம் பார்க்கப் பாட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் வாட்ச் ஒன்று வாங்குங்கள். உள்ளே இருக்கும் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. மாதத்துக்கே 15, 20 நொடிதான் பிசகும்.

எச்.எம்.டி. ஏன் விழுந்தது என்பதையும் பேசுங்கள். டாடாவும் தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோவும் 1984-ல் டைட்டனைத் தொடங்கி, ஓசூரில் ஆலை போட்டு, குவார்ட்ஸை நம்பி இறங்கினார்கள். மக்கள் எந்தப் பக்கம் போனார்கள் என்பது தெரிந்த கதை. ஓசூரில் அந்த ஆலையால் எத்தனை குடும்பங்கள் தலையெடுத்தன என்பதை நேரில் பார்த்தவன் நான். சாவி கொடுக்கும் வாட்சைப் புகழ்வதற்காக அதைச் சிறுமைப்படுத்த வேண்டாம்.

பழைய முள்

டைட்டனை யாரும் சிறுமைப்படுத்தவில்லை கணேசன் ஐயா. துல்லியத்தில் குவார்ட்ஸ்தான் மேல், அதில் வாதம் இல்லை. ஆனால் கணக்கை இன்னொரு பக்கத்திலிருந்தும் பாருங்கள். இந்த ஜனதா மணிக்கு 18,000 துடிப்பு. நொடிக்கு ஐந்து, நாளைக்கு 4,32,000. சர்வீஸ் செய்த பிறகு நாளைக்கு 20 நொடி பிசகினாலும் 86,400 நொடியில் 20. சுருட்டிய எஃகு நாடா ஒன்று, சில பற்சக்கரங்கள், 17 செயற்கை மாணிக்கக் கற்கள். மின்சாரம் இல்லை, பாட்டரி இல்லை. மனிதக் கை செய்த பொருள் 99.97 சதவீதம் சரியாக ஓடுகிறது. காதருகே வைத்து அதைக் கேட்கும்போது எனக்கு இன்றும் வியப்புக் குறையவில்லை.

மகன் தம்பி, கோபுர வர்ணம் நல்ல பதில், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் செல்வாவின் டயலில் எழுத்து இருக்கிறது, படிக்க முடிகிறது. புள்ளி விழுந்ததற்கே உரித்தெடுக்க வேண்டுமா? வித்யா அவர்களுக்கு நடந்ததைப் பாருங்கள். இன்று சொல்லிச் செய்த பெயிண்ட், கை மாறி நாளை சொல்லாமல் விற்கப்படும். அசல் டயல் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே போனால், இருபது வருஷம் கழித்து ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மாதிரிகூட மிஞ்சாது.

இதில் உடம்பு சம்பந்தப்பட்ட விஷயமும் ஒன்று உண்டு. 1960-களுக்கு முந்தைய பழைய வாட்சுகள் பலவற்றில் இருட்டில் ஒளிரும் பூச்சு ரேடியம் கலந்தது. ஒளி மங்கிப்போனதால் ஆபத்தும் போனதென்று நினைக்கிறார்கள். மங்கியது அதோடு கலந்த துத்தநாக சல்பைடு. ரேடியம் பாதியாகக் குறையவே 1,600 வருஷம் ஆகும். அதைச் சுரண்டும்போது எழும் தூள் மூச்சில் போனால் எலும்பில் தங்கும். ஜனதாவில் பொதுவாக ஒளிரும் பூச்சு இருக்காது, செல்வா பயப்பட வேண்டாம். ஆனால் வரும் டயலையெல்லாம் உரிக்கும் கடைக்காரர்கள் மூக்கில் துணிகூடக் கட்டாமல்தான் செய்கிறார்கள்.

தோஹா ரஃபீக்

செல்வா தம்பி, வாப்பா வாட்சுங்கிறதால நீங்க அதைச் சரி பண்றது நியாயம். ஆனா சேர்க்கணும்னு ஆசை வந்துட்டா பழசுலயே விழ வேணாம். எங்க ஊருல வளைகுடாவுல இருந்து லீவுக்கு வர்றவங்க கையில சீகோ 5 கண்டிப்பா இருக்கும். மச்சானுக்கு ஒண்ணு, தம்பிக்கு ஒண்ணுன்னு வாங்கிட்டு வருவாங்க. கை ஆட ஆடத் தானா சாவி ஏறுற ஆட்டோமேட்டிக். அதுல 7எஸ்26 மெஷின் போட்டது இருந்தா நம்பி வாங்கலாம். கையால சாவி கொடுக்க முடியாது, நொடி முள்ள நிறுத்தி டைம் வைக்கவும் முடியாது, ஆனா உழைப்புல குறை சொல்ல முடியாது.

பழைய சீகோவுலயும் பெயிண்ட் அடிச்சது ஏராளம். கண்டுபிடிக்க வழி இருக்கு. பின்மூடியில 7009-ன்னு ஆரம்பிச்சா, டயலோட அடி ஓரத்துல பொடி எழுத்துலயும் 7009-ன்னு இருக்கணும், உள்ள மெஷின்லயும் அதே நம்பர் இருக்கணும். டயல்ல அந்தப் பொடி எழுத்தே இல்லைன்னா பெரும்பாலும் பெயிண்ட்தான். சீரியல் நம்பர்ல முதல் இலக்கம் வருசத்தோட கடைசி இலக்கம், ரெண்டாவது மாசம். எந்தப் பத்தாண்டுங்கிறத மாடலை வச்சு நாமதான் கண்டுபிடிக்கணும். வித்யா தங்கச்சி, அடுத்த தடவை இதையெல்லாம் போட்டோவுல கேட்டு வாங்குங்க. பின்மூடியைத் திறந்து போட்டோ தர மறுக்கிறவங்ககிட்ட வாங்கவே வேணாம்.

குவார்ட்ஸ் கணேசன்

99.97 கணக்கு அழகாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதைச் சரி செய்ய ஆள் எங்கே? எங்கள் பேருந்து நிலையத்துக்கு எதிரே வரிசையாக இருந்த வாட்ச் கடைகள் இப்போது பாட்டரியும் பட்டையும் மாற்றித் தருகின்றன. பேலன்ஸ் வீலின் அச்சான ஊசி உடைந்தால் பார்க்கத் தெரிந்தவர் ஒருவர், அவருக்கும் வயதாகிவிட்டது. ஆளும் இல்லை, பாகமும் இல்லை என்றால் இந்தப் பொழுதுபோக்கு எத்தனை நாளைக்கு?

மெக்கானிக் மகன், மதுரை

நீங்க சொன்னது உண்மை ஐயா, அதுக்குத்தான் நான் இந்த வாதத்துக்கே வந்தேன். பாகம் எங்கிருந்து வருதுன்னா, ஓடாத இன்னொரு ஜனதாவுல இருந்து. ஒரு வாட்ச் செத்து ரெண்டு வாட்சப் பிழைக்க வைக்குது. மாசம் நாலு பேரு பழைய வாட்சக் கொண்டாந்து, அதுல ரெண்டு பேரு "டயலையும் பளிச்சுன்னு ஆக்கிக் குடுங்க"ன்னு சொன்னாத்தான் கடை வாடகை கட்ட முடியும். சேகரிக்கிறவங்க மட்டும் வந்தா கடை ஓடாது. பெயிண்ட் கூடவே கூடாதுன்னு நீங்கள்லாம் முடிவு பண்ணிட்டா, கத்துக்க வர்ற ஒண்ணு ரெண்டு பசங்களும் செல்போன் ரிப்பேருக்குப் போயிருவாங்க.

குவார்ட்ஸ்ல காயில் போச்சு, சர்க்யூட் போச்சுன்னா முழு மெஷினையும் மாத்தணும். அந்த மாடல் மெஷின் வர்றது நின்னுட்டா அதோட சரி. எங்கப்பா மேசையில அப்படி நின்னுபோன குவார்ட்ஸ் ஒரு டப்பா நிறையக் கிடக்குது.

பழைய முள்

வாடகை பற்றிச் சொன்னதை நான் யோசித்திருக்கவில்லை தம்பி. அப்படியானால் கடையில் ஒரு வழக்கம் கொண்டுவர முடியுமா? பெயிண்ட் அடித்த டயலின் பின்பக்கம் வருஷத்தையும் கடைப் பெயரையும் கீறிவிடுங்கள். அந்தக் காலத்து மெக்கானிக்குகள் சர்வீஸ் தேதியைப் பின்மூடியின் உள்பக்கம் பொடி எழுத்தில் கீறி வைப்பார்களே, அது போல. அது இருந்தால் என் எதிர்ப்பில் பெரும்பகுதி போய்விடும். உரிப்பது பற்றிய வருத்தம் மட்டும் போகாது.

மெக்கானிக் மகன், மதுரை

அது முடியும்ணே. அப்பாகிட்ட சொல்றேன்.

தேனி செல்வா

எல்லோருக்கும் நன்றி. அண்ணனிடம் இந்தப் பதில்களைக் காட்டினேன். அவன் இன்னும் மாறவில்லை. "அப்பா இருந்திருந்தால் பளிச்சென்று ஆக்கித்தான் கட்டியிருப்பார்" என்கிறான். அதுவும் உண்மைதான். இப்போதைக்கு சர்வீஸும் கிளாஸும் மட்டும் செய்யச் சொல்லப் போகிறேன். கடைக்காரரிடம் எதை எதைக் கேட்க வேண்டும்?

மெக்கானிக் மகன், மதுரை

மெஷினை முழுசாப் பிரிச்சுக் கழுவுறாரா, இல்ல அப்படியே பெட்ரோல்ல முக்கி எடுக்கிறாரான்னு முதல்ல கேளுங்க. முக்கி எடுத்தா ஒரு மாசம் நல்லா ஓடும், அப்புறம் பழையபடி பிந்தும். ஒவ்வொரு கல்லுக்கும் தனித்தனியா வாட்ச் எண்ணெய் வைக்கணும். பின்மூடியக் கத்தியால நெம்பாம, அதுக்குன்னு இருக்கிற கருவியால திறக்கச் சொல்லுங்க. பிரிக்கும்போது டயலைத் துடைக்கவே வேணாம்னு அழுத்திச் சொல்லிருங்க. ஈரத்துணி பட்டாலே எழுத்து கையோட வந்துரும்.

கிளாஸ் மாத்துறதுக்கு முன்னாடி பாலிஷ் போட்டுப் பாக்கச் சொல்லுங்க. அது அக்ரிலிக், டூத் பேஸ்ட் வச்சுத் தேச்சாலே பாதிக் கீறல் போயிரும். காசு மிச்சம்.