புளியந்தீவுப் பழைய வீட்டுச் சுவர் – ஆள் தேவை

மட்டக்களப்பு புளியந்தீவில் அம்மம்மாவின் வீடு. செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும்தான். கம்பி, தூண், பீம் ஒன்றும் இல்லை. ஒன்றரை அடித் தடிப்புச் சுவர், ஓட்டுக் கூரை. 2012 ஏப்ரல் 11, சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் வந்த நடுக்கம் இங்கேயும் தெரிந்ததே, அதற்குப் பிறகுதான் யன்னல் மூலையிலிருந்து சரிவாக ஓடும் வெடிப்பைக் கண்டோம்.

மேசன் இரண்டு தரம் சீமெந்து பூசினார். இரண்டு தரமும் அதே கோட்டில் பிளந்தது. போன மாரி முடிய, வெடிப்பு இன்னும் விரிகிறதா என்று பார்க்க, அதற்குக் குறுக்கே கண்ணாடித் துண்டு ஒட்டிவைத்தேன். மூன்றாம் மாதம் உடைந்துவிட்டது. சாவியால் சுரண்டினால் சாந்து மாவாகக் கொட்டுகிறது.

எனக்குப் பெரிய பயம் தெருப்பக்க முக்கோணச் சுவர். கூரை மரங்கள் அதில் சும்மா குந்தியிருக்கின்றன, பிணைப்பே இல்லை. தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தேன்: உச்சி இரண்டு அங்குலம் வெளியே தள்ளி நிற்கிறது. நிலம் ஆடினால் முதலில் தெருவில் விழுவது அதுதான்.

கூட்டிவந்த பொறியியலாளர் வாசலில் நின்றபடியே “இடியுங்கோ” என்றார். தேத்தண்ணிக்குக்கூட உள்ளே வரவில்லை. அம்மம்மா இடிக்க விடமாட்டா.

சுவரைக் கூரையோடு பிணைத்துக் காப்பாற்ற முடியுமா என்று நேரில் பார்த்துச் சொல்லக்கூடிய, பழைய செங்கல் கட்டடங்களில் வேலைசெய்த கட்டமைப்புப் பொறியியலாளர் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் யாரும் இருக்கிறார்களா?