மெக்மின்வில் 1950 படங்கள்: கம்பிக்குக் கீழே இருப்பது என்ன?

செவ்வானம்:
அமெரிக்காவின் ஒரேகான் மாநிலம், மெக்மின்வில் ஊருக்கு வெளியே ஒரு பண்ணை. 1950 மே 11 மாலை ஏழரை மணி வாக்கில் முயல்களுக்குத் தீனி வைத்துவிட்டு வந்த ஈவ்லின் ட்ரென்ட் வானில் ஒரு பறக்கும் தட்டைப் பார்த்துக் கணவரைக் கூப்பிட, பால் ட்ரென்ட் கேமராவை எடுத்துவந்து இரண்டு படம் எடுத்தார். இந்த இழை அந்த இரண்டு படங்களைப் பற்றியது. பார்க்காதவர்களுக்காக: மேலே குறுக்காக மின்கம்பிகள், கீழே கராஜும் தூரத்து மரங்களும், நடுவானில் தட்டு. முதல் படத்தில் அதன் அடிப்பாகம் தெரிகிறது, உச்சியில் மையம் விலகி ஒரு சிறு முளை. இரண்டாவதில் தட்டு கிட்டத்தட்டப் பக்கவாட்டில் நிற்கிறது. உள்ளூர்ப் பத்திரிகையில் ஜூன் 8 அன்று வந்தது, அதே மாதம் லைஃப் இதழிலும் வந்தது.

விமானப்படையின் பணத்தில் பறக்கும் தட்டுகளைப் பற்றிக் கொலராடோ பல்கலைக்கழகம் நடத்திய கான்டன் குழு ஆய்வில் இது 46ஆம் வழக்கு. காணாமல் போயிருந்த அசல் நெகடிவ்கள் 1967இல் யுபிஐ செய்தி நிறுவனத்தின் கோப்பில் கிடைத்தன. வானியலாளர் வில்லியம் ஹார்ட்மன் அவற்றையே வைத்து ஒளி அளந்து, பொருள் ஏறக்குறைய 1.3 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்று கணித்தார். அந்தத் தூரத்தில் குறுக்களவு முப்பது மீட்டரைத் தாண்டும். அவ்வளவு பெரிய தட்டை யாரும் கம்பியில் தொங்கவிட முடியாது. மறுக்க வருபவர்கள் முதலில் இந்த அளவீட்டுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

கோணமானி:
செவ்வானம் சார், தூரத்துக்குப் போகும் முன் கோணத்தைப் பேசிவிடுவோம். ஒரு ஒற்றைப் படம் நமக்குத் தருவது கோணம் மட்டுமே. முதல் படத்தில் தட்டின் அகலம் சுமார் ஒன்றரை பாகை. ஒன்றரை பாகை என்றால் 1.3 கிலோமீட்டரில் 34 மீட்டர், 5 மீட்டரில் 13 சென்டிமீட்டர். படத்தைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான்.

நமக்கு அதிர்ஷ்டம், படங்கள் இரண்டு. முதல் படத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவே ட்ரென்ட் வலப்பக்கம் சில அடி நகர்ந்திருக்கிறார். கராஜ் மூலை, தூரத்து மரங்கள் போன்ற நிலையான புள்ளிகளை வைத்து இரண்டு கேமரா இடங்களையும் ஒரு தரைப்படத்தில் குறித்துவிடலாம். பிறகு ஒவ்வொரு இடத்திலிருந்தும் தட்டை நோக்கி ஒரு கோடு. ஒன்றரை மீட்டர் நகர்ந்ததாக வைத்துக்கொண்டால், 5 மீட்டரில் தொங்கும் பொருளின் திசை சுமார் 17 பாகை மாறும். 1.3 கிலோமீட்டரில் அசையாமல் நிற்கும் பொருளுக்கு 0.07 பாகைகூட மாறாது.

அது பறந்துகொண்டிருந்தது, ஆகவே திசை எப்படியும் மாறியிருக்கும் என்பீர்கள். சரி. ஆனால் அது பறந்த திசையும் வேகமும், ட்ரென்ட் நகர்ந்த சில அடியும் ஒன்றோடொன்று இசைந்து, இரண்டு படத்திலும் தட்டு கம்பிகளின் ஏறக்குறைய அதே புள்ளிக்குக் கீழே வந்து நிற்க வேண்டுமே? இதை முதலில் கவனித்து எழுதியவர் ஹார்ட்மன்தான். கேமரா இடம் மாறியும் பொருள் அதே புள்ளிக்குக் கீழே தெரிவது, அது கம்பியில் தொங்கவிட்ட சிறு மாதிரிப்பொருள் என்ற சந்தேகத்துக்கு வலுச்சேர்க்கிறது என்று அவரது அறிக்கையிலேயே இருக்கிறது. அவரை மேற்கோள் காட்டும் பலர் இந்த வரியை விட்டுவிடுகிறார்கள்.

வாசகன்77:
ஒரு சந்தேகம். நெகடிவில் ஒளியை அளந்தால் தூரம் எப்படிக் கிடைக்கும்?

செவ்வானம்:
நல்ல கேள்வி தம்பி. தூரத்து மலை நீலம் பாய்ந்து வெளுத்துத் தெரிகிறதே, அதன் காரணம்தான் இங்கேயும். நமக்கும் மலைக்கும் நடுவில் உள்ள காற்று வெளிச்சத்தைச் சிதறடித்து, இருண்ட பரப்பின் மேல் ஒரு வெளிறிய திரையைப் போடுகிறது. தூரம் கூடக் கூடத் திரை தடிக்கும். பார்வைத்தூரம் 20 கிலோமீட்டர் உள்ள நாளில், 1.3 கிலோமீட்டரில் உள்ள முழுக்கறுப்புப் பொருள் அடிவானத்தின் பிரகாசத்தில் சுமார் 22 சதவீதம் இருக்கும். 5 மீட்டரில் 0.1 சதவீதம்தான்.

ஹார்ட்மன் ஒப்பிட்டது என்ன? தட்டின் நிழல் விழுந்த அடிப்பாகத்தையும், அதே படத்தில் பக்கத்தில் நிற்கும் எண்ணெய்த் தொட்டியின் நிழல் பகுதியையும். தட்டின் அடி வெளுப்பாக இருந்தது. பக்கத்தில் தொங்கும் பொருள் என்றால் அதுவும் தொட்டி அளவுக்கு இருண்டிருக்க வேண்டும் என்பது தர்க்கம். மரம், மலை, வீட்டுச்சுவர் எல்லாவற்றையும் அளந்து அந்தப் பகலின் மங்கலை அளவுகோலாக்கித்தான் 1.3 என்ற எண்ணுக்கு வந்தார்.

இருட்டறை:
முறை சரி. அதன் அடியில் இருக்கும் ஒரு அனுமானத்தைத்தான் நான் ஏற்க மாட்டேன்: தட்டின் அடிப்பாகமும் தொட்டியின் அடிப்பாகமும் அருகருகே வைத்தால் ஒரே அளவு இருட்டாக இருக்கும் என்பது. தொட்டி என்ன நிறம், தட்டு என்ன நிறம்?

கணக்கைப் போடுவோம். புல்தரை தன் மேல் விழும் ஒளியில் 10 முதல் 20 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். மேலே தொங்கும் ஒரு வெள்ளைப் பரப்பு அதில் 80 சதவீதத்தைக் கீழே தள்ளும். ஆக வெள்ளை அடிப்பாகம் வானத்தின் பிரகாசத்தில் 8 முதல் 16 சதவீதம் வரை போகும். ரசம் பூசிய கண்ணாடியோ பளபளப்பான உலோகமோ என்றால் தரையையே பிரதிபலிக்கும், 10 முதல் 20.

இதோடு லென்ஸ் கசிவைச் சேருங்கள். அந்தக் காலத்து மலிவான மடிப்பு கேமராவில் பூச்சு இல்லாத லென்ஸ், அதில் விரல் ரேகையும் தூசியும் இருந்தால் வானத்தின் வெளிச்சம் உள்ளே சிதறி இருண்ட இடங்களை நிரப்பும். 5 சதவீதம் என்பது மிகையான எண் கிடையாது. கவனியுங்கள், இது படம் முழுக்கச் சமமாக விழாது. நாலாபக்கமும் வானம் சூழ்ந்த சின்ன இருண்ட உருவத்தில் அதிகமாகவும், கராஜ் பக்கத்து இருட்டில் குறைவாகவும் விழும். தொட்டிக்குக் குறைவு, தட்டுக்கு அதிகம். கூட்டினால் 13 முதல் 25 சதவீதம். 1.3 கிலோமீட்டரில் உள்ள கறுப்புப் பொருளின் 22 சதவீதம் இதற்குள் அடங்கிவிடுகிறது. அடிப்பாகம் எவ்வளவு வெளுப்பு என்று தெரியாதவரை ஒளி அளவு தூரத்தைத் தீர்மானிக்காது.

செவ்வானம்:
இருட்டறை அக்கா, நீங்கள் சொல்லும் கசிவை புரூஸ் மக்காபி கணக்கில் எடுத்தாயிற்று. அவர் கடற்படை ஆய்வகத்தில் ஒளியியலில் வேலை செய்தவர். 1970களில் அதே நெகடிவ்களை மறுபடி அளந்து, கசிவைக் கழித்துத்தான் முடிவு சொன்னார். கழித்த பிறகும், பக்கத்தில் தொங்கும் வெள்ளைத் தாளின் அடிப்பாகத்துக்கு இருக்க வேண்டியதைவிடப் பிரகாசம் கூடுதல் என்பது அவர் வாதம். ஒளி ஊடுருவும் பொருளாக இருந்தால் மட்டுமே பொருந்தும். முதல் படத்தில் தெரியும் தட்டுக்கு உலோகச் சாயல்தான் இருக்கிறது. தொங்கல் கோட்பாட்டையும் அவர் வரைந்து பார்த்தார். இரண்டு பார்வைக்கோடுகளும் கம்பிக்கு நேர்கீழே வெட்டிக்கொள்ளவில்லை என்றார்.

கோணமானி:
வெட்டும் புள்ளி, கேமரா இடங்களை எங்கே வைக்கிறோம் என்பதைப் பொறுத்தது சார். நகர்வு சில அடிதான் என்பதால் கேமராவை ஓர் அடி தவறாக வைத்தால் வெட்டும் புள்ளியும் அடிக்கணக்கில் தள்ளிப் போகும். லென்ஸின் குவியத்தூரமும் உயரமும் கூட அதில் கலந்திருக்கின்றன. ஜோயல் கார்ப்பென்டர் என்ற ஆய்வாளர் அதே இடத்தை வரைந்து, கேமரா தரைக்கு மிக அருகில் இருந்தது என்றும், பொருள் பழைய டிரக்கின் பக்கக் கண்ணாடி என்றும் வாதிட்டார். தட்டின் அடி பிரகாசமாக இருப்பதற்கும் முளை மையம் விலகி இருப்பதற்கும் அது ஒரே பதிலாகப் பொருந்துகிறது. முன்பின் தெரியாத விண்கலத்துக்கு ஏன் மையம் விலகிய முளை என்பதற்கு எந்தக் காரணமும் சொல்லப்படவில்லை.

இதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது நிழல். கராஜின் கிழக்குச் சுவரில் கூரைக் கட்டைகளின் நிழல் விழுந்திருக்கிறது. மே 11 அன்று 45 பாகை வடக்கு அட்சரேகையில் சூரியன் நேர் மேற்கிலிருந்து சுமார் 26 பாகை வடக்கே தள்ளி மறையும். பசிபிக் திட்ட நேரப்படி ஏழரையை ஒட்டித்தான் மறைவு. அந்நேரம் கிழக்குச் சுவரில் நேர் வெயில் படவே வழியில்லை. காலை ஏழரைக்குச் சூரியன் கிழக்கே, போதுமான உயரத்தில் இருக்கும். பறக்கும் தட்டுச் செய்திகளைச் சந்தேகத்தோடு ஆராய்ந்த ராபர்ட் ஷீஃபரும் பிலிப் கிளாஸும் சொன்னது இதைத்தான்: படம் காலையில் எடுத்தது. அவர்களுடைய ஆய்வு கைக்குப் போன பிறகு ஹார்ட்மனே தன் சாதகமான மதிப்பீட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

செவ்வானம்:
ஒரு மனிதர் கருத்தை மாற்றினால் நெகடிவில் உள்ள எண் மாறாது. நிழலுக்கும் பதில் இருக்கிறது. மேற்கே மறையும் சூரியன் கிழக்கு வானத்தில் ஒரு பெரிய வெண்மேகத்தின் மேல் பட்டால் அந்த மேகம் விளக்குப்போல் ஒளிரும். அந்த ஒளியில் கிழக்குச் சுவரில் நிழல் விழும். மக்காபி இதையும் எழுதியிருக்கிறார்.

கோணமானி:
விழும், ஆனால் எப்படிப்பட்ட நிழல்? நிழல் விளிம்பின் மங்கல் = கட்டைக்கும் சுவருக்கும் உள்ள தூரம் × ஒளிமூலத்தின் கோண அகலம். அந்தத் தூரம் 50 சென்டிமீட்டர் என்று வையுங்கள். சூரியன் அரைப் பாகை, விளிம்பு 4 மில்லிமீட்டர் மங்கும். 20 பாகை அகலமுள்ள மேகம் என்றால் 17 சென்டிமீட்டர் மங்கும். பத்து சென்டிமீட்டர் கட்டையின் நிழல் அதில் கரைந்தே போய்விடும்.

செவ்வானம்:
5 பாகை மேகம் என்றால் நாலரை சென்டிமீட்டர்தான். நிழல் தாங்கும். படத்தில் உள்ள நிழல்கள் அரைப் பாகைக் கூர்மையோடு இருக்கின்றன என்று அளந்து காட்டியவர் உண்டா? ஃபிலிமின் துகளும் லென்ஸின் மங்கலும் சேர்ந்த இடத்தில் 4 மில்லிமீட்டரையும் 4 சென்டிமீட்டரையும் பிரிப்பது லேசான வேலை அல்ல.

கோணமானி:
மேகம் சின்னதாக ஆக ஆக, அது சுவரில் தரும் வெளிச்சமும் குறையும் சார். 5 பாகை மேகம் வானத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. சுவருக்கு எதிரே உள்ள மீதி வானம் முழுக்க அதே சுவரில் ஒளியைக் கொட்டி நிழலை அழித்துக்கொண்டிருக்கும். நிழல் கண்ணுக்குத் தெரிய வேண்டுமென்றால் அந்த மேகம் சுற்றியுள்ள வானத்தைவிட நூறு மடங்கு வரிசையில் பிரகாசமாக இருக்க வேண்டும். சூரியன் அடிவானத்தைத் தொடும் நேரத்து மேகத்துக்கு அது சாத்தியம் என்று நான் ஏற்கவில்லை.

வாசகன்77:
தொங்கவிட்டிருந்தால் நூல் தெரிய வேண்டாமா?

இருட்டறை:
வெறும் கண்ணுக்குத் தெரியாது. 0.2 மில்லிமீட்டர் நூல், 5 மீட்டர் தூரம், 100 மில்லிமீட்டர் குவியத்தூரம் என்று எடுத்தால் ஃபிலிமில் நூலின் அகலம் 4 மைக்ரான். அந்த வகை கேமரா மில்லிமீட்டருக்கு 30 கறுப்பு-வெள்ளைக் கோட்டு இணைகளைப் பிரித்துக் காட்டினாலே நல்ல வேலை, அதாவது ஒரு கோட்டுக்கு 17 மைக்ரான். ஆகவே நூல் 17 மைக்ரானுக்குப் பரந்து, கால்வாசி அடர்த்தியில் ஒரு மெல்லிய கறையாக மாறி ஃபிலிம் துகளுக்குள் ஒளிந்துகொள்ளும். நூல் தெரியவில்லை என்பதால் நூல் இல்லை என்று வாதிட முடியாது.

ஆனால் நூலுக்கு ஒரு நீளம் இருக்கிறது. அதன் வழியே 200 பிக்சல்களைக் கூட்டிச் சராசரி எடுத்தால் துகளின் இரைச்சல் 14இல் ஒரு பங்காகக் குறையும், கறை மேலே வரும். 2013இல், பறக்கும் தட்டுப் படங்களை ஆராயும் ஐபாகோ குழுவின் மூன்று ஆய்வாளர்கள் தட்டுக்கு மேலே உள்ள வானத்தில் புள்ளியியல் முறையில் நூலின் தடத்தைக் கண்டதாக வெளியிட்டார்கள். அடி குழிந்த சிறிய மாதிரி, நூலில் தொங்கியது என்பது அவர்கள் முடிவு.

செவ்வானம்:
அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. எல்லாச் சாய்விலும் எல்லா இடத்திலும் தேடினால், ஏதாவது ஒரு சாய்வில் ஏதாவது ஒரு கோடு வந்தே தீரும். இந்த நெகடிவ்கள் பல கை மாறியவை. கீறல் இல்லாமல் இருக்காது. கீறலையும் நூலையும் எப்படிப் பிரிப்பது?

இருட்டறை:
பிரிக்கலாம். ஃபிலிமின் முதுகுப் பக்கக் கீறல் ஒளியைச் சிதறடித்துப் பிரிண்டில் வெள்ளைக் கோடாக வரும். படம் பதியும் பூச்சுப் பக்கக் கீறல் வெள்ளியைச் சுரண்டிவிடுவதால் கறுப்பாக வரும், நூலோடு குழம்பக்கூடியது இது ஒன்றுதான். ஆனால் கீறல் லென்ஸ் வழியாக வராதது. அதன் விளிம்பு லென்ஸின் மங்கலைவிடக் கூர்மையாக இருக்கும். நூல் 17 மைக்ரானுக்குக் குறையவே முடியாது. கீறல் கம்பியைத் தாண்டியும் ஓடும், நூல் கம்பியில் நின்றுவிடும். 4000 டிபிஐ (அங்குலத்துக்கு 4000 புள்ளி) ஸ்கேனில் ஒரு பிக்சல் 6.35 மைக்ரான், இந்த வித்தியாசத்தைப் பார்க்க இதற்குக் குறைவாகப் போகக் கூடாது. எட்டு பிட் ஜேபெக் கோப்பு உதவாது, மெல்லிய சாயல் வித்தியாசங்களைக் காக்கும் பதினாறு பிட் டிஃப் கோப்பு வேண்டும். கூர்மையாக்கும் வடிகட்டி எதுவும் போடாமல் எடுக்க வேண்டும்.

செவ்வானம்:
அப்படியானால் நான் கேட்பது இரண்டு. முதலாவது, தட்டு இல்லாத வானப் பகுதிகளிலும் அதே சராசரியை ஓட்டி, எத்தனை பொய்க்கோடு வருகிறது என்று பக்கத்திலேயே கொடுக்க வேண்டும். இரண்டாவது, முதல் படத்தில் கிடைத்த சாய்வையும் கோணமானி வரைந்த தரைப்படத்தையும் வைத்து, இரண்டாம் படத்தில் நூல் எந்த இடத்தில், எந்தச் சாய்வில் வர வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி இங்கே பதிவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் இரண்டாம் படத்தின் கோப்பைத் திறக்க வேண்டும். குறித்த இடத்தில் வந்தால் ஏற்கிறேன். அதுவரை 1.3 கிலோமீட்டர் என்ற எண்ணை நான் கைவிட மாட்டேன்.

கோணமானி:
இரண்டுக்கும் சம்மதம். சாய்வுக்கு முன்னும் பின்னும் 2 பாகை வரை விலகலாம் என்று வைத்துக்கொள்கிறேன், காற்றில் ஆடியிருக்கலாம் என்பதால். கராஜ் மூலையையும் தூரத்து மரங்களையும் வைத்துக் கேமரா இடங்களை மறுபடி கணக்கிட்டு, எண்களை இதே இழையில் போடுகிறேன்.