புதுப்பிப்பு: பாஸ் மீனுக்கு எந்த ராடு, எந்த நரம்பு?

பாஸ் மீன் பிடிக்க ஒரே ஒரு தூண்டில் செட் (ராடு என்ற கோலும், நரம்பு சுற்றும் ரீலும்) வாங்குவதென்றால், ரீல் கோலுக்குக் கீழே தொங்கும் ஸ்பின்னிங்கா, மேலே உட்காரும் பெய்ட்காஸ்டரா என்று முன்பு கேட்டிருந்தேன். பாதிப் பேர் இதைச் சொன்னீர்கள், பாதிப் பேர் அதை. கடைசியில் ஸ்பின்னிங்கையே எடுத்தேன்: 7 அடி மீடியம் ராடு, நுனிப் பக்கம் மட்டும் வளையும் ஃபாஸ்ட் ஆக்‌ஷன், 2500 அளவு ரீல். எடை குறைந்த லூரைக்கூட, அதாவது செயற்கை இரையைக்கூட, சிக்கில்லாமல் வீச முடிகிறது.

அதிக நேரம் பிடித்தது நரம்பைத் தேர்ந்தெடுப்பதில்தான். 10 பவுண்டு இழுவை தாங்கும் பிரெய்டு (பின்னல் நரம்பு), முனையில் 8 பவுண்டு ஃப்ளூரோகார்பன் லீடர் (லூரைக் கட்டும் துண்டு நரம்பு). பிரெய்டு அவ்வளவாக நீளாது என்பதால், மீன் ரப்பர் புழுவை வாயில் வைக்கும் அந்தச் சின்ன 'டக்' நேராகக் கைக்கே வந்துவிடுகிறது. ஆனால் ரீலின் வழவழப்பான ஸ்பூலில் (நரம்பு சுற்றும் உருளையில்) அதை அப்படியே சுற்றினால் மொத்தமும் வழுக்கிச் சுழலும். அடியில் கொஞ்சம் மோனோ (ஒற்றை இழை நைலான் நரம்பு) சுற்றிவிட்டு அதன்மேல் சுற்றுங்கள். ஃப்ளூரோகார்பன் முடிச்சை இறுக்கும் முன் எச்சில் தொட்டு நனைக்கச் சொன்னவருக்குத் தனி நன்றி. காய்ந்தபடி இறுக்கினால் உராயும் சூட்டில் நரம்பு பலம் இழந்து, சரியாக அந்த இடத்திலேயே அறுகிறது.

லூர் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ரப்பர் புழுவை முள்ளில் கோக்கும் டெக்சஸ் ரிக் முறை போதும். முள்நுனி புழுவுக்குள் மறைந்திருப்பதால் விழுந்த மரக்கிளைகளுக்கு நடுவிலும் பெரும்பாலும் மாட்டாமல் வருகிறது. கிராங்க்பெய்ட்டுக்கு (மீன் வடிவக் கடின லூர்) இன்னும் வளைந்து கொடுக்கும் ராடு வேண்டும். விறைப்பான ராடு அதன் சின்ன மும்முனை முள்ளை மீன் வாயிலிருந்து பிடுங்கிவிடும்.

அடர்ந்த பாசிக்குள் தவளை லூர் வீச நினைப்பவர்களுக்கு இந்த செட் ஆகாது. அந்த விஷயத்தில் பெய்ட்காஸ்டர் கட்சிக்காரர்கள் சொன்னதுதான் சரி.