லேனுக்குத் திரும்ப காபட்டா, இல்ல முதல் கானைக் கிண்டுறதா?

கடலோரத்தான்:
எங்கட லேன் கொழும்பு வெள்ளவத்தையில, காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் நடுவில. காபட், அதுதான் தார், போட்டு ரெண்டு மாரி போகேல்ல, குழாய் வேலை எண்டு குறுக்க வெட்டி மண்ணைத் தள்ளி மூடிப்போட்டுப் போயிட்டினம், இப்ப த்ரீவீல்காரன் முனையிலயே இறக்கி விடுறான். திரும்பவும் காபட் போடப்போறாங்களாம். வேண்டாம் எண்டுறன். முதல் மழைத்தண்ணி ஓடுற கானையும் அடியில கிடக்கிற குழாயளையும் மாத்தட்டும், பிறகு மேல ஒண்டோட ஒண்டு பூட்டுற இன்டர்லொக் கல்லுப் போடலாம். காசு காணாட்டி லேன்காரர் நாங்களும் கொஞ்சம் போடுவம்.

நாலாம் மாடி அக்கா:
என்னத்துக்குத் தம்பி நாங்க போடுறது? ஜனவரி 31க்கு முதல் முழு வருசத்துக்கும் கட்டினா 10% கழிவு எண்டு ஓடிப்போய் மாநகர சபைக்குச் சோலைவரி (வீட்டு வரி) கட்டுறனான். ஒரு வீடு நிண்ட காணியில இப்ப எத்தினை பிளட் வீடு! அத்தினை பேரும் கட்டுற வரி எங்க போகுது எண்டு முதல் கேளுங்கோ.

கொட்டாஞ்சேனை பொடியன்:
கடலோரத்தான் அண்ணே, நீங்க காசு போட்டா உங்க லேன் முதல்ல நடக்கும். நம்ம புளூமெண்டால் பக்கம் தோட்டத்துல, நெருக்கமான சின்ன வீடுகள்ல, இருக்கிற சனம் எதைப் போடும்? காசு போட்டவனுக்கு முதல்ல ரோடுன்னு ஒருதடவை பழக்கிட்டா நம்ம பக்கம் எப்பவும் கடைசிதான். வெள்ளவத்தைல இருந்து பார்த்தா இது தெரியாது, கோவிக்காதீங்க.

சிவில் வேலைக்காரன்:
ஒரு விசயம் சொல்றேன். ரோட்டைக் கெடுக்கிறது வாகனத்தை விட தண்ணி. கான் அடைச்சிருந்தா தண்ணி அடிக்கல்லுக்குள்ள இறங்கி ஊறும், மேல எத்தனை தரம் காபட் போட்டாலும் பாளம் பாளமா வெடிக்கும். பழசைச் சுரண்டி எடுக்காம மேலுக்கு மேல போட்டா ரோடு உயர்ந்து பழைய வீடுகள் பள்ளத்துல நிக்கும், மழைத்தண்ணி கேட்டுக்குள்ளால வரும். கொழும்பு மலக்கழிவுக் குழாய்கள்ல கன பகுதி வெள்ளைக்காரன் காலத்துல, 1900களின் தொடக்கத்துல போட்டது, அப்ப இந்த பத்து மாடியெல்லாம் இல்ல. இன்டர்லொக் நல்லதுதான், கழட்டி வேலை செஞ்சிட்டு அதே கல்லைத் திரும்பப் பதிக்கலாம். ஆனா அடித்தளத்தை ஒழுங்கா இறுக்காம, கரையில கட்டுக்கல்லு வைக்காம போட்டா, பிளட் கட்ட வாற கொங்கிரீட் லொறி ஒண்டு போதும், கல்லெல்லாம் அலை மாதிரி ஆயிடும்.

நாலாம் மாடி அக்கா:
அப்ப காசு? அதைச் சொல்லுங்கோ.

கணக்குப்பிள்ளை:
கடன் எடுக்கலாம். உள்ளூராட்சி சபைகளுக்கெண்டே உள்ளூர்க் கடன் அபிவிருத்தி நிதியம் இருக்கு. பதினைஞ்சு வருசம் நிக்கப்போற ரோட்டுக்கு இந்த வருச வரியில மட்டும் பிடுங்குறது என்ன நியாயம்? அந்தப் பதினைஞ்சு வருசமும் நடக்கிற ஆக்களும் பங்கு கட்டட்டும்.

நாலாம் மாடி அக்கா:
கடனோ! 2022 ஏப்ரல்ல நாடே கடனைக் கட்டமாட்டம் எண்டு கையை விரிச்சது மறந்து போச்சோ?

கணக்குப்பிள்ளை:
அது டொலர்க் கடன் அக்கா, இது ரூபா. ஆனா ஒண்டு, தார் இறக்குமதிச் சாமான், டொலர் ஏறினா காபட் விலையும் ஏறும். கல்லு இங்கயே செய்யலாம் (சீமெந்து விலையும் சும்மா இல்லைத்தான்).

கொட்டாஞ்சேனை பொடியன்:
கடன்னா எனக்கு ஓகே, எல்லார் வரியிலயும் போகும். ஆனா எந்த லேன் முதல்லன்னு லிஸ்ட்ட சுவத்துல ஒட்டணும். வெள்ளம் நிக்கிற இடம் முதல்ல.

கடலோரத்தான்:
ஆரிட்டக் கேக்கிறது? காலி வீதி வீதி அபிவிருத்தி அதிகார சபையிட, லேன் மாநகர சபையிட, தண்ணிக்குழாய் வேற ஆளிட. 2023 மார்ச்சுக்குப் பிறகு ரெண்டு வருசம் தெரிவான சபையே இல்லை, ஆணையாளர்தான். 2025 மேயில வோட்டுப் போட்டம், இப்ப எண்டாலும் கேக்கலாம். என்ட காசுக் கதையை வாபஸ் வாங்குறன், தம்பி சொன்னது சரி. ஆனா கான் முதல், அதில மாற மாட்டன்.

நாலாம் மாடி அக்கா:
கான் கிண்ட ஆறு மாசம் எடுத்தா எங்கட அம்மாவை டயலிசிசுக்கு எப்பிடிக் கொண்டு போறது? காபட் எண்டா ரெண்டு நாள்.

சிவில் வேலைக்காரன்:
பாதி அகலமா வெட்டினா ஒரு பக்கத்தால வண்டி போகலாம் அக்கா, செலவு கூடும், நாளும் கூடும்.

கடலோரத்தான்:
ஞாயிறு காலமை டேப்போட வாறன். உங்கட கேட்டடியில ரோடு எத்தினை அங்குலம் உயர்ந்திருக்கு எண்டு அளப்பம், லேனிட அகலத்தையும். சபைக்குக் குடுக்கிற மனுவுக்குக் கையெழுத்து பிறகு.

நாலாம் மாடி அக்கா:
வாங்கோ. எட்டு மணிக்குப் பிறகு.